பிறந்து ஒரு நாள் ஆன வானொலி

நாகர்கோவில்காரர்களுக்குப் பெருமை பேசச் சொல்லியா தரவேண்டும்? மட்டிப்பழம், இரண்டு பருவமழை, கடல் சேரும் முனை என்று ஆரம்பித்தால் பேருந்து வள்ளியூர் தாண்டும்வரை பேச்சு நிற்காது. ஆனால் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நம்ம ஊரில்தான் தொடங்கியது என்று யாரும் பெருமையடித்து நான் கேட்டதில்லை. 1984 அக்டோபர் 30. ஒரு சிறிய வட்டாரத்துக்கென்றே ஒரு நிலையம் வைத்துப் பார்ப்போம் என்று அகில இந்திய வானொலி எடுத்த முயற்சிக்கு, நாட்டின் தென்கோடியில் இருக்கும் நாம் முதல் ஆளாக வாய்த்தோம். இன்று 101 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறோமே, அதே நிலையம்தான்.

தேதியை இன்னொரு தடவை பாருங்கள். மறுநாள் அக்டோபர் 31. இந்திரா காந்தி சுடப்பட்ட நாள்.

நிலையம் தொடங்கிய நாள் எனக்குச் சுத்தமாக நினைவில்லை. ஆறாம் வகுப்புப் பையனுக்கு அதெல்லாம் ஒரு சேதியா? மறுநாள் மட்டும் அப்படியே நிற்கிறது. மத்தியானமே மணி அடித்து எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுத் திண்ணையில் பாட்டா, அதாவது எங்கள் தாத்தா, ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு முள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகிக்கொண்டிருந்தார். சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். காலை ஒன்பது மணிக்கு மேல் சுட்டிருக்கிறார்கள். இந்திரா இறந்துவிட்டார் என்பதை பிபிசி மத்தியானமே சொல்லிவிட்டது. நம் அரசு வானொலி அதிகாரபூர்வமாகச் சொல்லும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே பிபிசியைத் திருப்பித்தான் தாயாரின் நிலைமையைத் தெரிந்துகொண்டார் என்பது பிறகு எல்லோரும் எழுதிய கதை.

சொந்த நாட்டுப் பிரதமர் செத்துப்போனதை லண்டன்காரன் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று பாட்டா அன்று திட்டியது, பிபிசியை இல்லை. பிறந்து ஒரு நாள் ஆன நம்ம ஊர் நிலையம் பாவம், என்ன செய்திருக்க முடியும்? டெல்லி வாய் திறக்கும்வரை காத்திருப்பதுதான் அதற்கு இடப்பட்ட விதி.

இந்த இரண்டு தேதிகளும் அடுத்தடுத்து வந்தது தற்செயல்தான். ஆனால் 40 வருஷமாக இந்த நாட்டில் உள்ளூர் வானொலிக்கு என்ன குறை என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தத் திண்ணைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. உள்ளூர் வானொலி எதை வேண்டுமானாலும் பேசலாம், உள்ளூரில் என்ன நடந்தது என்பதைத் தவிர. இந்தப் பதிவே அதைப் பற்றித்தான்.

முதலில், நமக்கு ஏன் தனி வானொலி தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் சென்னைச் செய்தியைக் கேளுங்கள். அனல் காற்று, கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை, தண்ணீர்ப் பஞ்சம். நம்ம ஊரில் அப்போது இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, கொட்டிக்கொண்டிருக்கும். ஓடை நிறைந்து, வயலில் கன்னிப்பூ நெல் நாற்று முங்கி, கடலோரத்தில் அலை வீட்டு வாசல் வரை வந்திருக்கும். தமிழ்நாடு முழுக்க ஒரே வானிலை என்று ஒரு குரல் வாசித்தால் அந்தச் செய்தியில் நாம் இருக்க மாட்டோம். 1956 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி என்று மலையாளப் பக்கம் இருந்த மாவட்டம் இது. அதற்கப்புறமும், மழை விஷயத்தில் மட்டும் திருவனந்தபுரம் நிலையத்தின் மலையாளம்தான் எங்களுக்குச் சரியாக இருந்தது. 1963 டிசம்பரில் திருநெல்வேலி நிலையம் வந்தது. நல்ல நிலையம்தான், ஆனால் அதன் கவலை தாமிரபரணி. பேச்சிப்பாறை அணை என்றைக்குத் திறக்கும் என்பது நம் கவலை. பாட்டுக்கு இலங்கை வானொலி இருந்தது, அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு வேறு பக்கம் போய்விடும்.

இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. மத்திய அலை தரையோடு தவழ்ந்து வெகுதூரம் போகும், இரவில் வானில் பட்டுத் திரும்பி இன்னும் தொலைவுக்குப் போகும். அதனால்தான் கொழும்பு நமக்குப் பக்கத்து வீடு மாதிரிக் கேட்டது. பண்பலை, அதாவது எஃப்.எம்., அப்படி இல்லை. ஏறக்குறைய கண்ணுக்கெட்டும் தூரம்தான் அதன் ஓட்டம். நடுவில் மலை வந்தால் கரகரக்கும். கோடைக்கானல் பண்பலை இத்தனை மாவட்டங்களில் கேட்பதற்குக் காரணம் கோபுரம் மலை உச்சியில் இருப்பதுதான். சமவெளியில் நட்டால் ஒரு சின்ன வட்டத்தோடு முடிந்தது. வியாபாரிக்கு இது குறை. ஒரு மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான அலை கிடையாது. தெருவுக்குள் பேசுகிற குரலுக்கு ஒலிபெருக்கி எதற்கு?

எங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் எஃப்.எம். பட்டையே இல்லை. வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்த, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன்னில்தான் நாங்கள் முதன்முதலில் தெளிவாகக் கேட்டோம். அதில் ஒரு நாள் எங்கள் பெரியம்மை (பெரியம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பேசினாள்.

தோவாளையில் பூக்கட்டுகிறவள் பெரியம்மை. வானொலிக்காரர்கள் பெரிய டேப் ரெக்கார்டரோடு பூச்சந்தைக்கு வந்து நாலைந்து பேரிடம் பேசிவிட்டுப் போனார்களாம். இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் ஒலிபரப்பு. வீட்டில் அத்தனை பேரும் பெட்டிக்கு முன்னால். நிலையத்துக்காரர் அழகான தமிழில், "ஒரு முழத்துக்கு எத்தனை மலர்கள் தேவைப்படும் அம்மா?" என்று கேட்டார். பெரியம்மை கொஞ்சமும் அசரவில்லை. "எத்தனைன்னு எண்ணிக்கிட்டா இருக்க முடியும் மக்கா? கை எண்ணிக்கிடும்லா."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ரேடியோவில் போய் 'மக்கா' என்கிறாளே என்று அம்மைக்கு ஒரே வெட்கம். வானொலி என்றால் "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி" என்ற கணீர்க் குரல் என்று பழகிய காது எங்களுடையது. வானொலித் தமிழ் வேறு, வீட்டுத் தமிழ் வேறு. இரண்டும் ஒரே பெட்டிக்குள் வரலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. இப்போது நினைத்தால், 1984-ல் அந்த முயற்சியை யார் யோசித்தார்களோ அவர்கள் எதிர்பார்த்தது இதைத்தான் என்று தோன்றுகிறது.

சரி, அப்புறம் என்ன நடந்தது?

அலைவரிசை அரசின் தனிச்சொத்து இல்லை, மக்களின் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கு கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றியது. ஹீரோ கோப்பைக்காக வங்காளக் கிரிக்கெட் சங்கம் போட்ட சண்டை. கிரிக்கெட் இந்த நாட்டுக்குச் செய்த உருப்படியான காரியங்களில் இதுவும் ஒன்று என்பேன். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு தனியாருக்கு ஏலம் விட்டார்கள். ஒரு சின்ன வட்டாரத்து மக்களுக்காக லாபநோக்கம் இல்லாமல் நடத்துகிற சமுதாய வானொலியைக் கல்வி நிறுவனங்கள் நடத்தலாம் என்று 2002 கடைசியில் முடிவானது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. சமுதாய வானொலியிலும் முதல் நிலையம் தமிழ்நாட்டில்தான், கவனியுங்கள். தொண்டு நிறுவனங்களுக்கு அனுமதி கிடைக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாம்பனில் மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' 90.4 வந்தது 2016-ல்.

சமுதாய வானொலிக்கு 100 வாட் சக்தி, 30 மீட்டர் கோபுரம், நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும். இந்த விதியைப் பார்த்து, உள்ளூர் உள்ளூர் என்று இவ்வளவு அக்கறையா என்று சந்தோஷப்பட்டு அடுத்த பக்கம் புரட்டினால், செய்தி கூடாது என்று இருக்கும். தனியார் பண்பலைக்கும் அதே தடைதான். ஆகாசவாணி தயாரித்த செய்தியை ஒரு சொல் மாற்றாமல் அப்படியே திருப்பி ஒலிபரப்பலாம். அவ்வளவுதான் அனுமதி.

எதெல்லாம் 'செய்தி இல்லை' என்று தனியாருக்கு ஒரு பட்டியல் வேறு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதை நான் ரசித்துப் படித்தேன். போக்குவரத்து, வானிலை, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு. இதெல்லாம் பேசலாம். மின்தடை, குடிநீர், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை? இவற்றையும் சொல்லலாம், ஆனால் உள்ளூர் நிர்வாகம் கொடுக்கிற அறிவிப்பாக. அதாவது நாளை காலை 9 முதல் 5 வரை கரண்ட் இருக்காது என்று நம்ம ஊர் பண்பலை சொல்லலாம். மூன்றாவது நாளும் ஏன் வரவில்லை என்று கேட்டால் அது செய்தியாகிவிடும். தண்ணீர் வராது என்று சொல்லலாம். குழாய் உடைந்து ஒரு மாதம் ஆகிறது என்றால் வம்பு.

இந்த நாட்டில் நாள் முழுக்கச் செய்தி கத்துகிற தனியார் தொலைக்காட்சிகளுக்குக் கணக்கில்லை. பத்திரிகை யாரும் நடத்தலாம். செல்போன் வைத்திருக்கிற எவரும் யூடியூபில் செய்தி வாசிக்கலாம். 100 வாட் கோபுரத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குப் பேசுகிறவர்தான் நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்தாம்.

வதந்தி பரவும், கலவரம் வரும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். நம் மாவட்டத்துக்காரர்களிடம் இதைச் சொல்லக் கூடாது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டு மதக் கலவரம் நடந்தபோது இங்கே உள்ளூர் வானொலியே கிடையாது. வதந்தி ஊர் ஊராக நடந்தே போனது, சைக்கிளில் போனது. எங்கள் தெருவில் மூன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. அங்கே அப்படி நடந்தது, இங்கே இத்தனை பேர் போய்விட்டார்கள் என்று வந்த பாதிப் பேச்சு பொய். அது பொய் என்று, எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஊர்க்குரல், எங்கள் தமிழில் அன்று சொல்லியிருந்தால்? பொறுப்பான வாயை மூடிவிட்டால் வதந்தி ஓயாது, தனி ராஜ்ஜியம் நடத்தும். இன்று அந்த சைக்கிளின் வேலையை வாட்ஸ்அப் செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒக்கி புயலையும் சொல்லாமல் முடியாது. 2017 நவம்பர் 30. ரப்பர் மரங்களும் வாழையும் தரையோடு சாய்ந்தன. எங்கள் தெருவில் ஒரு வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பேட்டரியில் ஓடும் ரேடியோ வைத்திருந்த வீடு தெருவுக்கு ஒன்றுதான். ஆழ்கடலுக்குப் போன வள்ளங்களுக்கும் விசைப்படகுகளுக்கும் பண்பலை எட்டியிருக்காது, அதை நான் மறைக்கவில்லை. அது வேறு கருவி, வேறு சண்டை. நான் சொல்வது கரையில் இருந்தவர்களைப் பற்றி. எந்தப் பாலம் திறந்திருக்கிறது, எந்தத் துறைமுகத்தில் யார் கரைசேர்ந்தார்கள், எந்த ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று கேட்டு ஒவ்வொரு வீடும் ஆளை அனுப்பிக்கொண்டிருந்தது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப்போய்ச் சொன்னால் அது செய்தியா, பொது அறிவிப்பா? நிர்வாகம் தாள் அனுப்பும்வரை காத்திருக்க வேண்டுமா?

தனியார் பண்பலைகளை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கொஞ்சம் சொல்லவும் செய்கிறேன். நெல்லைப் பக்கம் போகும்போது காரில் ஒன்று கேட்கிறது. கோவையில் அதே நகைச்சுவை, அதே சிரிப்பு, அதே பத்துப் பாட்டு. தொகுப்பாளர் "ஹாய் திருநெல்வேலி" என்பதை "ஹாய் கோயம்புத்தூர்" என்று மாற்றிக்கொள்கிறார். ஆனால் ஏலத்தில் கோடி கோடியாகக் கட்டிவிட்டு, ஊரைப் பற்றிய செய்தியும் பேசக்கூடாது என்றால் அவர்தான் என்ன செய்வார்? பாட்டுப் போடுவார்.

தனியார் வானொலிகள் மணிக்கு 10 நிமிடம் செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் ஒலிபரப்பலாம் என்று 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. மறு வருஷம் ஆகஸ்டில் 234 புதிய ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. என்னைக் கேட்டால் அந்தப் பத்து நிமிடத்தை முதலில் சமுதாய வானொலிக்குக் கொடுக்க வேண்டும். காசு வைத்திருப்பவர்களுக்குத் தொலைக்காட்சி இருக்கிறது. பாம்பன் மீனவருக்கும் தோவாளைப் பூக்காரிக்கும் இருப்பது அந்த 100 வாட்தான். தப்பாகச் சொன்னால் நடவடிக்கை எடுக்கச் சட்டமா இல்லை? பத்திரிகைக்கு இருக்கிற அதே சட்டம் போதும். அதுவும் போக, தப்பாகச் சொன்ன ஆளை மறுநாள் சந்தையில் வைத்து நாலு பேர் கேள்வி கேட்க முடியும். டெல்லி ஸ்டுடியோவில் கத்துகிறவரை நாம் எங்கே போய்ப் பிடிப்பது?

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. பெரியம்மை காலமாகி 11 வருஷம் ஆகிறது. போட்டோ நிறைய இருக்கிறது. குரல் இல்லை. அந்தச் சாயங்காலம் டூ-இன்-ஒன்னில் கேசட் போட்டு ரெக்கார்ட் பட்டனை அமுக்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நிலையத்தில் அப்போதெல்லாம் ஒலிநாடாவை அழித்துத் திரும்பப் பயன்படுத்துவது வழக்கம் என்று அங்கே வேலைபார்த்த ஒரு அண்ணன் சொன்னார். அதனால் அங்கே கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் ரேடியோவிலிருந்து பாட்டும் பேச்சும் பதிவுசெய்து கேசட் கேசட்டாக அடுக்கி வைத்தவர்கள் நம்ம ஊரில் நிறைய பேர் உண்டு. யார் வீட்டுப் பரணிலாவது நாகர்கோவில் வானொலியின் பழைய பதிவுகள் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நானே வந்து வாங்கி, பிரதி எடுத்துத் திருப்பித் தருகிறேன். தோவாளைப் பூச்சந்தை பற்றிய நிகழ்ச்சி. "கை எண்ணிக்கிடும்லா" என்று ஒரு பெண் சொல்வாள்.