இன்டர்வெல்லில் அவன் எங்கே நிற்கிறான்?

ரிசல்ட் வரும் நாளில் ஆட்டிசம் உள்ள ஒரு மாணவன் நல்ல மார்க் எடுத்தால் பேப்பரில் போட்டோ வருகிறது. ஏப்ரல் 2 வந்தால் உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் என்று நீல ரிப்பன் குத்திக்கொள்கிறோம். மிச்சமிருக்கும் இருநூறு சொச்சம் பள்ளி நாட்களில் அந்தப் பிள்ளை இன்டர்வெல்லில் எங்கே நிற்கிறான் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. மார்க்கெல்லாம் அப்புறம்.

நான் டெல்டா பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். என் அக்கா மகனுக்கு ஆட்டிசம், வேறொரு பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறான். அதனால் இந்த விஷயத்தை ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தும் பார்க்கிறேன், அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தும் பார்க்கிறேன். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். பேச்சு வராத, நாள் முழுக்கக் கூட ஆள் வேண்டியிருக்கிற பிள்ளைகளின் பாடு வேறு. அதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். இங்கே நான் சொல்வது சாதாரணப் பள்ளிக்கு வந்து, பேசி, பரீட்சை எழுதி, 'அவன் கொஞ்சம் ஒரு மாதிரி' என்று பெயர் வாங்கும் பிள்ளைகளைப் பற்றி.

இப்படிப்பட்ட பிள்ளை எப்படி இருக்கிறான் என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டுப்பாருங்கள். "அவனா? ஒரு தொந்தரவும் இல்லப்பா, தங்கமான பிள்ளை. இருக்கிற இடமே தெரியாது" என்பார்கள். நாற்பத்தைந்து பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவருக்கு இருக்கிற இடம் தெரியாத பிள்ளை வரம்தான், நானும் அதே ஜாதி. ஆனால் அந்தத் தங்கமான பிள்ளை நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்து என்ன செய்கிறான் என்பது பள்ளிக்கூடத்துக்குத் தெரியாது. என் அக்கா மகன் ஷூவைக் கழற்றாமலே போய்க் கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையில் இருக்கும் சந்தில் உட்கார்ந்துகொள்வான். அக்கா ஃபேனைப் போட்டுவிட்டு, பால் டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிடுவாள். அரை மணி நேரம் அவனிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் ஆசையாக "இன்னிக்கு என்னடா பாடம் நடந்துது?" என்று கேட்டுவிட்டார். அவன் அலறின அலறலில் தெருவே வெளியே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் இந்தப் பையன் அலறினான் என்றால் நம்ப மாட்டார்கள்.

பகல் முழுக்க அவன் செய்கிற வேலை பாடம் படிப்பது மட்டும் இல்லை. மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிக்க வேண்டும். டீச்சர் பேசினால் அவர் கண்ணைப் பார்க்க வேண்டும், அல்லது பார்ப்பதுபோல் மூக்கைப் பார்க்க வேண்டும். கை தானாக ஆடப் பார்க்கும், அதைத் தொடைக்கடியில் வைத்து அமுக்க வேண்டும். இப்படித் தன்னை மறைத்துக்கொண்டு நடமாடுவதை ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். பதற்றம், மனச்சோர்வு, சுத்தமாக ஓய்ந்துபோவது எல்லாம் இதோடு சேர்ந்தே வருகின்றன என்றும் காட்டியிருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் இதில் இன்னும் கெட்டிக்காரிகள். அதனாலேயே பலருக்கு ஆட்டிசம் என்பது வயதுக்கு வந்த பிறகும்கூடக் கண்டுபிடிக்கப்படுவதில்லை. 'கூச்ச சுபாவம்', 'அடக்கமான பொண்ணு' என்ற பெயரில் ஓடிவிடுகிறது. நம் ஊரில் அடக்கமான பெண்ணைப் போய் யார் டாக்டரிடம் காட்டப் போகிறார்கள்?

ஆகவே அமைதியாக இருப்பதைச் சமாளிப்பது என்று கணக்கெழுதாதீர்கள் என்பதுதான் என் கட்சி. இதற்கு மார்க்கும் சாட்சி இல்லை. 80 எடுத்துக்கொண்டே தினமும் உடைந்துபோகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பாடத்துக்கே வருவோம். 'ஆட்டிசமா, அப்ப கணக்குல புலியா இருப்பானே' என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், சிலர் புலி, சிலர் எலி, பெரும்பாலோர் நம்மைப்போல. இவர்கள் மார்க்கை இழக்கும் இடங்களைப் பார்த்தால்தான் வேடிக்கையாக இருக்கிறது. என் வகுப்பில் இருந்த ஒரு மாணவன் விடையைச் சரியாக எழுதுவான், நடுவில் ஒரு வரி இருக்காது. ஸ்டெப் மார்க் போகிறதே என்றால் "விடை தெரிஞ்ச அப்புறம் அதை ஏன் டீச்சர் எழுதணும்?" என்பான். நியாயமான கேள்வி. "பேப்பர் திருத்துறவருக்கு உன் மூளைக்குள்ள நடந்தது தெரியாது, அவருக்கு நீ வழி சொல்லணும்" என்று காரணத்தோடு சொன்ன பிறகு எழுத ஆரம்பித்தான். 'எழுதுன்னா எழுது' என்று நான் அதட்டியிருந்தால் இன்றுவரை எழுதியிருக்க மாட்டான்.

அக்கா மகன் கதை இன்னும் அழகு. தமிழ்ப் பரீட்சையில் 'உங்கள் ஊருக்கு நூலக வசதி வேண்டி விண்ணப்பம் எழுதுக' என்று கேட்டிருந்தார்கள். இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தான். ஏன்டா என்றால், "எங்க ஊர்லதான் நூலகம் இருக்கே சித்தி" என்கிறான். இருக்கிற ஒன்றைக் கேட்டுப் பொய் விண்ணப்பம் போட அவனால் முடியவில்லை. 'நூலகம் இல்லாத ஓர் ஊரில் நீ குடியிருக்கிறாய் என்று வைத்துக்கொள்' என்று ஒரே ஒரு வரி கேள்வியில் இருந்திருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பான். இதில் தெரியாதது விண்ணப்பம் எழுதவா, கேள்வி கேட்கவா?

அப்புறம் பி.டி. பீரியட். போர்ஷன் முடியவில்லை என்று அதைக் கடன் வாங்கிக்கொள்வது எங்கள் கணக்கு இனத்தின் பரம்பரை உரிமை. மற்ற பிள்ளைகள் "ஐயோ மிஸ்" என்று ஒரு பெருமூச்சோடு நோட்டை எடுத்துவிடுவார்கள். காலையிலிருந்து அன்றைய நாளை மனதுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் பிள்ளைக்கு, அடுக்கில் ஒன்றை உருவினால் மொத்தமும் சரிந்துவிடும். அந்த பீரியடில் அவன் மண்டையில் ஒரு சூத்திரமும் ஏறாது. காலையிலேயே போர்டின் ஓரத்தில் அன்றைய மாற்றத்தை எழுதிப் போட்டால் போதும், இதற்கு அரசாணை தேவையில்லை. சத்தமும் இப்படித்தான். மதியம் சத்துணவு நேரத்தில் எவர்சில்வர் தட்டுகள் குழாயடியில் மோதுகிற சத்தம் நமக்குச் சத்தமே இல்லை. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அது காதுக்குள் குத்துகிறது. ஐந்து நிமிடம் முன்னால் போய்த் தட்டைக் கழுவிவிட்டு வர விட்டால் சாப்பிடுவான், இல்லாவிட்டால் சாப்பிடாமலே இருந்துவிடுவான். அதைப் பார்த்து 'பிள்ளைக்குப் பசிக்கிறதில்லை' என்று முடிவு கட்டுவார்கள்.

சரி, இன்டர்வெல்லுக்கு வருகிறேன். பீரியடில் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இன்டர்வெல்லில் சொல்ல ஆளில்லை. யாரோடு நிற்பது, எப்போது பேச்சில் நுழைவது, கேலி எது, நிஜம் எது என்பதற்கெல்லாம் எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது, அது தினமும் மாறிக்கொண்டும் இருக்கிறது. அதனால் இந்தப் பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே, லைப்ரரி திறந்திருந்தால் லைப்ரரி என்று ஒதுங்குகிறார்கள். ஒதுங்குவது தப்பே இல்லை, பல சமயம் அதுதான் அவர்களுக்கு ஓய்வு. ஒதுங்கியவனைத் தேடி வருகிறவர்கள்தான் ஆபத்து.

ஏழாவது படிக்கும்போது அக்கா மகனிடம் நாலு பையன்கள் ஒரு வார்த்தையைச் சொல்லிக் கொடுத்து, "சார்கிட்ட போய் இதைச் சொல்லு, சந்தோஷப்படுவார்" என்று அனுப்பினார்கள். இவன் போய்ச் சொன்னான். கன்னம் வீங்கி வீட்டுக்கு வந்தான். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது, அது ஒரு பக்கம் இருக்கட்டும். அடித்த பிறகாவது "இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்த நாலு பேரின் பெயரையும் ரோல் நம்பரோடு சொல்லியிருப்பான். இவனுக்கு மறைக்கத் தெரியாது.

'இந்தப் பிள்ளைகளுக்குப் பழகத் தெரியாது, பழகக் கற்றுக்கொடுங்கள்' என்பதுதான் வழக்கமான அறிவுரை. இங்கிலாந்தில் டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர் இருக்கிறார், அவரே ஆட்டிசம் உள்ளவர். 2012இல் அவர் இதை ஒரு திருப்புத் திருப்பினார்: அவர்களுக்கு உங்களைப் புரியவில்லை என்கிறீர்களே, உங்களுக்கு அவர்களைப் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார். 2020இல் எடின்பரோவில் ஓர் ஆய்வு நடந்தது. எட்டு எட்டுப் பேராக வரிசை கட்டி, காதோடு காதாகக் கதை கடத்தும் விளையாட்டுப்போல. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும், இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும் கதை ஒரே அளவுக்கு மிஞ்சியது. கலந்த வரிசையில்தான் அதிகம் சிதறியது. 2025இல் இன்னும் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது கலந்த வரிசையும் பின்தங்கவில்லை. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் செய்தி கடத்துவதில் குறை எதுவும் இல்லை என்பது இரண்டு முறையும் மாறவில்லை. எனக்கு அது போதும்.

அக்கா மகனுக்கு அணை நீர்மட்டம் என்றால் உயிர். தினமும் காலையில் பேப்பரில் முதலில் பார்ப்பது அதைத்தான். மேட்டூர் முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி., வைகை 71 அடி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். பழைய பள்ளியில் இதைக் கிண்டலடித்து 'டேம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது படிக்கும் பள்ளியில் வகுப்பாசிரியர் ஒரு காரியம் செய்தார். காலைப் பிரேயரில் செய்தி வாசிக்கும்போது கடைசி வரியாக மேட்டூர் நீர்மட்டத்தை இவனைச் சொல்ல வைத்தார். முதல் வாரம் சிரிப்பு, கைதட்டல் எல்லாம் இருந்தது, பிறகு யாரும் கண்டுகொள்ளவில்லை, நடப்பில் ஒன்றாகிவிட்டது. அதுதான் எனக்குப் பிடித்தது. டெல்டாவில் அது சும்மா எண்ணும் இல்லையே. ஜூன் 12 மேட்டூர் திறந்தால்தான் குறுவை. ஒரு பையன் தினமும் இவனிடம் வந்து, "நேத்தைக்கு எவ்வளவு ஏறியிருக்கு? தாத்தா கேக்கச் சொன்னாரு" என்று நிற்பான். வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று இவன் சொல்வான். ஒருத்தன் கேட்கிறான், ஒருத்தன் சொல்கிறான், இருவருக்கும் அதில் காரியம் இருக்கிறது. இன்டர்வெல்லில் இப்போது இரண்டு பேர் நிற்கிறார்கள். சில பள்ளிகளில் ஒரு நல்ல பிள்ளையைப் பிடித்து 'இவனுக்கு நீதான் ஃப்ரெண்ட்' என்று டியூட்டி போடுகிறார்கள். அந்த நட்பு டியூட்டி முடிந்ததும் முடிந்துவிடுகிறது.

எல்லா ஊரிலும் இப்படி ஒரு ஆசிரியர் கிடைப்பார் என்று நான் சொல்லவில்லை. சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறார்கள், ஒரு பள்ளியில் நிலையாக இருக்க அவர்களுக்கு வழியில்லை. தொடக்கப் பள்ளியில் பத்துச் சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்ன கணக்குக்கும் நம் பள்ளிகளுக்கும் வெகுதூரம். தனியார் பள்ளிகளில் சிலவற்றுக்கு வேறு டெக்னிக். எட்டாவது வரை ஃபீஸ் வாங்கிக்கொள்வார்கள். ஒன்பதாவதில், "எங்ககிட்ட ஃபெசிலிட்டி இல்லைங்க, பிள்ளையோட நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்று டி.சி.யை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். பத்தாவதில் நூறு சதவீதம் காட்ட வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவு கரிசனம். அக்காவிடமும் அப்படித்தான் ஒரு பள்ளியில் பேசினார்கள்.

1995இல் வந்த பழைய மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைதான், ஆட்டிசத்துக்குத் தனி இடம் கிடையாது. 2016 சட்டம் 21 வகையாக்கியபோது ஆட்டிசமும் உள்ளே வந்தது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. அங்கீகாரம் என்றால் தனியார் பள்ளியும் சேர்த்துத்தான்.

பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளை இருக்கிறவர்கள் பரீட்சைச் சலுகையைக் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள். கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. மருத்துவச் சான்றோடு விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாகத்தான் போக வேண்டும், அதனால் வருட ஆரம்பத்திலேயே ஹெச்.எம்.மைப் பாருங்கள். மொழிவிலக்கை எல்லாருக்கும் வாங்க வேண்டும் என்பதில்லை, பிள்ளைக்கு அந்த மொழி பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள். எழுதுபவர் விஷயத்தில் ஜாக்கிரதை: அறிமுகமில்லாத ஒருவர் பரீட்சையன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் சில பிள்ளைகளுக்கு வாயே திறக்காது. தானே எழுதக்கூடிய பிள்ளை என்றால் கூடுதல் நேரம் மட்டும் கேளுங்கள், முந்தின நாளே சென்டருக்குக் கூட்டிப்போய் ஹாலையும் பெஞ்சையும் காட்டிவிட்டு வாருங்கள். "அதெல்லாம் கண்ணு தெரியாதவங்களுக்குத்தாம்மா" என்று ஆபீஸில் யாராவது சொன்னால் சண்டை போட வேண்டாம். போனில் 2016 சட்டத்தைத் திறந்து 17ஆம் பிரிவைக் காட்டுங்கள், கூடுதல் நேரம், எழுதுபவர், மொழி விலக்கு மூன்றும் அதில் ஒரே வரியில் இருக்கின்றன. அக்கா அதைப் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, ரேஷன் கார்டோடு பையில் வைத்திருக்கிறாள். வேண்டுமென்பவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள், இன்பாக்ஸில் அனுப்புகிறேன்.