அடிக்குறிப்பில் மூழ்கியவர்கள்

ஆங்கில ஓவியர் டர்னரின் 'அடிமைக் கப்பல்' ஓவியத்தை இணையத்தில் தேடி எடுத்து, பெரிதாக்கி, வலது கீழ் மூலையைப் பாருங்கள். தண்ணீருக்கு மேல் ஒரு கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. கணுக்காலில் விலங்கு. சுற்றிலும் மீன்கள் மொய்க்கின்றன. பறவைகள் இறங்குகின்றன. கொஞ்சம் தள்ளி, அலைக்கு மேலே கைகள். நோயாளிகளையும் பிணங்களையும் கப்பலிலிருந்து கடலில் வீசுகிறார்கள். 1781இல் ஸாங் என்ற கப்பலில் இது நிஜமாகவே நடந்தது: நோயில் செத்தால் இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்காது, கடலில் 'இழந்தால்' கிடைக்கும் என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு தள்ளிவிட்டார்கள். டர்னர் இந்த ஓவியத்தை லண்டன் ராயல் அகாடமியில் 1840இல் காட்சிக்கு வைத்தார்.

மூன்று வருடம் கழித்து, ஜான் ரஸ்கின் என்ற 24 வயது இளைஞர், தன் பெயரைக்கூடப் போடாமல் 'நவீன ஓவியர்கள்' முதல் தொகுதியை வெளியிட்டார். பத்திரிகைகள் டர்னரைக் கேலி செய்துகொண்டிருந்த நேரம். டர்னரின் அமரத்துவத்துக்கு ஒரே ஒரு ஓவியத்தைச் சாட்சியாக வைக்கச் சொன்னால் இதைத்தான் வைப்பேன் என்று எழுதினார். அலை எப்படி எழுகிறது, அஸ்தமன வெளிச்சம் அதன் பள்ளங்களில் எப்படி இறங்குகிறது, நுரை எங்கே பொன்னாகிறது, எங்கே ரத்தமாகிறது என்று அவர் எழுதிய பத்தியைப் படித்த பிறகு எந்தக் கடலையும் பழையபடி பார்க்க முடியாது. அப்படிப்பட்ட எழுத்து அது.

அந்தப் பத்தி 'தண்ணீர்' பற்றிய பகுதியில் வருகிறது. கப்பலைக் 'குற்றமுள்ள கப்பல்' என்கிறார். என்ன குற்றம்? அது பக்கத்தின் அடியில், அடிக்குறிப்பில் இருக்கிறது. அடிமைக் கப்பல், அடிமைகளைக் கடலில் எறிகிறது, அருகே பிணங்கள் மிதக்கின்றன, அவ்வளவுதான். அலைக்கு ஒரு பக்கம், மனிதர்களுக்கு இரண்டு வரி.

எனக்கு இது ஆறவே இல்லை. ஏனென்றால் நான் ரஸ்கினிடம் பார்க்கக் கற்றவன். 1854 முதல் லண்டன் தொழிலாளர் கல்லூரியில் அவர் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். வந்தவர்களை ஓவியர்களாக்குவது அவர் நோக்கமில்லை. அவர்களுக்குக் கண் திறந்தால் போதும். அந்த அனுபவத்திலிருந்து 1857இல் ஒரு பயிற்சி நூல் எழுதினார். அதில் ஒரு பயிற்சி: வெள்ளை அட்டையில் பட்டாணி அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியே ஒரு நிறத்தைப் பார். சுவர் என்றோ புல் என்றோ நினைக்காதே, நிறத்தை மட்டும் பார். ஒரு மாலை எதிர்வீட்டுச் சுவரை அப்படிப் பார்த்தேன். வெள்ளை என்று நான் சத்தியம் செய்திருக்கக்கூடிய சுவர், வெயில் பட்ட இடத்தில் மங்கிய ஆரஞ்சு. சன்ஷேடு நிழலில் சாம்பல் கலந்த நீலம். தெரிந்ததை ஒதுக்கிவிட்டுக் கண்ணில் படுவதைப் பார் என்று சொன்னவர் அவர். அவரே விலங்கிட்ட காலை அடிக்குறிப்புக்கு அனுப்பியதை எப்படி எடுத்துக்கொள்வது?

'அவர் காலம் அப்படி' என்று சொல்பவர்களுடன் நான் உடன்படவில்லை. டர்னரும் அதே காலம்தான். அவர் அந்த விலங்கிட்ட காலைப் படத்தின் முன்வரிசையில் வைத்தார். 1865இல் ஜமைக்காவில் கவர்னர் அயர் நானூறுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் கொல்லப்படக் காரணமானபோது, ஜான் ஸ்டூவர்ட் மில்லும் டார்வினும் அவரைத் தண்டிக்கச் சொன்ன பக்கம் நின்றார்கள். ரஸ்கின் அயரைக் காப்பாற்றும் குழுவில் சேர்ந்தார். காலம் இரண்டு பக்கத்தையும் திறந்துதான் வைத்திருந்தது.

இந்தியா விஷயத்திலும் இதே கதை. 1857 கிளர்ச்சி முடியாத நேரம், 1858 ஜனவரியில் லண்டனில் பேசுகிறார். நம் கைவினைஞர்களின் நிறத்தையும் நுணுக்கத்தையும் மெச்சிவிட்டு, இந்தியக் கலை மனிதனை வரையாது, எட்டுக்கை அரக்கனைத்தான் வரையும் என்கிறார். அந்தக் கைகள் என்ன செய்கின்றன என்று அவர் பார்க்கவே இல்லை.

பார்த்தவர், ரஸ்கினும் அவர் வழியில் கைவினையைப் போற்றிய வில்லியம் மோரிஸும் உருவாக்கிய மரபிலேயே வளர்ந்த ஒருவர். கொழும்பில் பிறந்த கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி, முத்து குமாரசுவாமியின் மகன். இலங்கைக் கைவினை பற்றிய தன் பெரிய நூலை 1908இல், மோரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகம் பயன்படுத்திய அதே அச்சு இயந்திரத்தில் அச்சிட்டார். பிறகு நடராஜர் பற்றி எழுதும்போது ஒவ்வொரு கையாக நின்று பார்த்தார்: உடுக்கையில் படைப்பு, அபயக் கையில் காப்பு, தீயில் அழிப்பு, தூக்கிய பாதத்தில் முத்தி. அதற்கு 'உண்மை விளக்கம்' என்ற சைவ சித்தாந்த நூலின் பாட்டையே சான்றாக வைத்தார். டர்னரின் அலைக்கு ரஸ்கின் கொடுத்த அதே பொறுமை. ஆனால் யாரையும் அடிக்குறிப்புக்குத் தள்ளாத பொறுமை.

நம் கலைக் கல்லூரிகளில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாடமாக நடத்த வேண்டும் என்பது என் ஆசை. ரஸ்கினின் பத்தியில் ஒரு வார்த்தையைக்கூட வெட்ட வேண்டாம். அந்த அடிக்குறிப்பை மட்டும் மேலே ஏற்றி, முதல் வரியாக, அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.