குக்ரியை உருவினால் ரத்தம் பார்க்க வேண்டுமா?

நேபாளத்துக் கூர்க்கா வீரர் குக்ரி என்ற தன் வளைந்த கத்தியை உருவினால் ரத்தம் காட்டாமல் உறையில் போடமாட்டார், எதிரி இல்லாவிட்டால் தன் விரலையாவது கீறிக்கொள்வார் என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது உண்மையல்ல.

நேபாள மலைக்கிராமங்களில் விறகு பிளப்பதும் இறைச்சி வெட்டுவதும் காய் நறுக்குவதும் குக்ரியில்தான். ஒவ்வொரு தடவையும் விரலைக் கீறிக்கொண்டால் சமையல் நடக்குமா? பழைய குக்ரி கிடைத்தால் உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு குட்டிக் கத்திகள் செருகியிருக்கும். ஒன்று கர்தா, சில்லறை வேலைக்கு. இன்னொன்று சக்மக், கூர் இல்லாதது. அலகைத் தேய்த்துச் சீராக்கவும் சிக்கிமுக்கிக் கல்லில் உரசி நெருப்பு உண்டாக்கவும் அது பயன்பட்டது. தினசரிப் புழக்கத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சந்தேகம் இருந்தால் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் உள்ள கூர்க்கா அருங்காட்சியகத்திடம் கேட்டுப் பார்க்கலாம். கூர்க்கா வீரர்களின் துணிச்சலுக்கு இந்தக் கதை தேவையே இல்லை. தயவுசெய்து இதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.