அந்தக் கயித்தைப் பத்திக் கொஞ்சம் பேசுவோம்

ரெண்டு நாளா அந்தப் போட்டோ எல்லார் டைம்லைன்லயும் ஓடுது. எதுன்னு உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் 2020ல இலங்கை மலையகத்துல நம்ம ஹட்டன் டவுன் கடை, வாசலுக்குக் குறுக்கால நைலோன் கயிறு, கயித்துக்கு வெளிய பையோட நிக்கிற நம்ம சனம். மறுபக்கம் வெளிநாட்டு சுப்பர் மார்க்கெட், பளபளன்னு செல்ஃப் செக்கவுட் மெஷின் வரிசை, வாங்குறவரே ஸ்கேன் பண்ணிப் பில் போட்டுக் காசு கட்டுற மெஷின். மேல ஒரு வரி: "கொவிட்டை அவங்க சமாளிச்ச விதம், நாம சமாளிச்ச விதம்." கீழ ஒரே சிரிப்பு.

பதிவு போட்ட அண்ணன் கெட்டவர் இல்ல. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து எல்லாம் வாங்கி அனுப்புறவர். அதனாலதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ஆனா சிரிச்சவங்கள்ல பாதிப்பேர் நம்ம லயத்துப் பிள்ளைகள், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்ல வளர்ந்தவங்க. அதுதான் பொறுக்கல.

நான் சொல்ல வர்றது ஒன்னே ஒன்னு. அந்த மெஷின் மூலை கொவிட் காலத்துல தானா ஓடல. ஆள் நின்னு ஓட்டினாங்க. முன்னாடி நின்னதை விடக் கூடுதலா நின்னாங்க. போட்டோவுல ஆள் இல்லங்கறதுக்காக அங்க ஆளே இல்லன்னு நினைச்சுக்கிட்டா எப்படி?

அந்த மூலையை எப்படி மாத்தினாங்கன்னு கேளுங்க. அந்த மெஷின்களைப் பக்கத்துல பக்கத்துல நெருக்கித்தான் வைப்பாங்க, இடத்தை மிச்சம் பிடிக்கத்தானே அது வந்ததே. ஒரு மெஷின் ஒரு மீற்றர் அகலம் கூட வராது. இங்கிலாந்துல விதிச்ச இடைவெளி 2 மீற்றர். அப்போ என்ன பண்ணுவாங்க? ஒன்னு விட்டு ஒன்னை நிப்பாட்டினாங்க. ஆறு மெஷின் இருந்த இடத்துல மூனுதான் ஓடும். கடைக்குள்ள இத்தனை பேர்தான்னு வாசல்ல ஒருத்தர் எண்ணி எண்ணி விட்டார். மிச்சப்பேர் வெளிய கார் நிறுத்துற இடத்துல, தரையில ஒட்டின கோட்டுல நின்னாங்க. ஆமாங்க, அங்கயும் லைன்தான். அந்த லைனை யாரும் போட்டோ எடுத்துப் பக்கத்துல வைக்கல.

அப்புறம் மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவுல கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் தட்டி அடிச்சாங்க. தட்டி வந்த இடங்கள்ல நிப்பாட்டின மெஷினைத் திரும்பப் போட்டாங்க. அது ஒரு செலவு, போகட்டும்.

அடுத்தது எடை. பில் போட்ட சாமானை வைக்கிற தட்டு இருக்கே, அதுக்கு அடியில ஒரு தராசு இருக்கு. ஒவ்வொரு சாமானும் எத்தனை கிராம்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும். நீங்க ஸ்கேன் பண்ணினது ஒன்னு, தட்டுல ஏறின எடை வேறன்னா மெஷின் நின்னுடும், மேல சிவப்பு லைட் எரியும். சொந்தப் பையை வச்சா நிக்கும். கை தட்டுல ஊன்றினா நிக்கும். சின்னப் பிள்ளை சாய்ஞ்சாலும் நிக்கும். முன்னாடின்னா ஊழியர் வந்து, உங்க தோளுக்கு மேலால எட்டி, கார்ட்டைக் காட்டிச் சரி பண்ணிட்டுப் போவார். கொவிட் வந்ததும் அது முடியாது. "கொஞ்சம் பின்னால போங்க"ன்னு சொல்லி, நீங்க போனப்புறம் வந்து சரி பண்ணணும். வசதியுள்ள கடையில கொஞ்சம் தள்ளி இருக்கிற மேற்பார்வைத் திரையில இருந்தோ கையில வச்சிருக்கிற கருவியில இருந்தோ விடுவிச்சாங்க. பியர் போத்தல் வாங்கினா வயசு பார்க்க ஆள் வேணும். பார்கோட் இல்லாத கரட், வெங்காயத்துக்குத் திரையில தேடித் தேடி அழுத்தணும். ஒரு பை வெங்காயத்துக்கு நாலஞ்சு இடத்துல விரல் படும். உங்களுக்கு முன்னால வந்தவர் விரலும் அதே இடத்துலதான் பட்டிருக்கும்.

அதைத் துடைக்கிறது யாரு? மெஷின் தன்னையே துடைச்சுக்குமா?

துடைக்கிறதும் லேசுப்பட்ட வேலை இல்ல. மருந்தை நேரா திரையில அடிக்கக் கூடாது, ஓரத்து இடுக்குல இறங்கி உள்ளுக்குப் போயிடும். துணியில நனைச்சுத்தான் துடைக்கணும். 70 வீத அல்ககோல்னா பெரும்பாலான திரை தாங்கும், பிளீச் போட்டா மேல் பூச்சு போயிடும். போட்ட உடனே காய்ஞ்ச துணியால ஒத்தி எடுத்தா பிரயோசனம் இல்ல, மருந்துக்குரிய நேரம் ஈரமா இருக்கணும். திரையைப் பூட்டாம துடைச்சா துணி படுற இடமெல்லாம் விரல் அழுத்தினதா மெஷின் எடுத்துக்கும், யாரோ வாழைப்பழம் வாங்கின மாதிரிப் பில்லுல ஏறும். எடைத் தட்டைத் துடைக்க அழுத்தினா அங்கயும் சிவப்பு லைட். ஸ்கேன் பண்ற கண்ணாடியில மருந்துக் கறை படிஞ்சா பார்கோட் பிடிக்காது, ஒரே டின்னை நாலு தரம் இழுக்கணும். வாசல்ல குடுத்த ஜெல் கையில காயாம திரையைத் தொட்டா ஒன்னு தொட ஒன்னு அமுங்கும். இதெல்லாம் நாள் முழுக்க, ஒவ்வொரு மெஷினுக்கும், ஒரு ஆள்.

எங்க பெரியம்மா மகள் லண்டன்ல அந்த மூலையிலதான் நின்னா. துடைக்கிற துணி ஒரு கையில, மெஷினைத் திறக்கிற கார்ட் மறு கையில. மாஸ்க் போட்டுக்கிட்டுப் பேசினா யாருக்கும் கேக்காது, கத்திக் கத்தித் தொண்டை போயிடும்னு போன்ல சொல்லுவா. அண்ணனோட பதிவுல அவ எங்க? அந்தப் பளபளப்பு அவ துடைச்சதுங்க.

காசையும் சொல்லிடறேன். நிறைய இடத்துல மெஷினைக் கார்ட் மட்டும்னு மாத்தினாங்க. பின் நம்பர் அழுத்தாம கார்ட்டைக் காட்டிட்டுப் போற வரம்பை இங்கிலாந்துல 2020 ஏப்ரல் 1ல 30 பவுண்ஸ்ல இருந்து 45 பவுண்ஸ் ஆக்கினாங்க. நல்ல விசயம், மறுக்கல. ஆனா அது வங்கியும் கார்ட் கம்பனியும் செஞ்ச வேலை. மெஷினோட கெட்டித்தனம் இல்ல.

இப்போ நம்ம கயித்துக்கு வருவோம்.

அந்தக் கயிறு என்ன செஞ்சது? வாங்க வந்தவரை உள்ளுக்கே விடல. அவ்வளவுதான். சாமான் வாங்குறவர் ரோட்டோரம் காத்தாட நின்னார், கடைக்காரர் உள்ள நின்னார். நடுவுல ஒரு மேசை. துண்டுல எழுதிக் குடுக்கணும், எழுதத் தெரியாதவங்க தள்ளி நின்னு சொல்லணும், கடைப் பையன் எழுதுவான். ஒருத்தர் சாமான் எடுத்துக் கட்டுவார், இன்னொருத்தர் காசு மட்டும். காசு வாங்குற கை சாமானைத் தொடாது. காசைப் பிளாஸ்டிக் பேசின்ல போடணும், மிச்சக் காசும் அதுலயே வரும்.

சீனி ஒரு கிலோ, பருப்பு அரைக் கிலோ, கோதுமை மா ரெண்டு கிலோன்னு முதல் நாள் ராத்திரியே நிறுத்துக் கட்டி அடுக்கினாத்தான் இந்த முறை ஓடும். இல்லன்னா ஆள் ஒருத்தருக்குப் பத்து நிமிசம் போகும், பின்னால லைன் மெயின் ரோட்டுக்குப் போகும், பொலிஸ் வரும், பிஎச்ஐ மாத்தயா, அதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வருவார். அடையாள அட்டைக் கடைசி இலக்கப்படி திங்கள்னா 1ம் 2ம், செவ்வாய்னா 3ம் 4ம்னு வெளிய விட்ட நாள்ல எத்தனை பேர் வருவாங்கன்னு ஓரளவு கணக்குப் போடலாம். ஊரடங்கைச் சில மணித்தியாலம் தளர்த்தின நாள்ல எந்தக் கணக்கும் நிக்காது.

கை கழுவ ஒரு பீப்பா, அதுல பைப், பைப்பைக் கையால தொடாம இருக்க சைக்கிள் பிரேக் கம்பியில இழுத்துக் கட்டின கால் மிதி. கம்பி நாளாக நாளாக நீளும், மிதிச்சாலும் பைப் பாதிதான் திறக்கும். சுருள் கம்பி சோர்ந்தா மூடாம ஒழுகும். தினம் ஒருக்கா இறுக்கணும். மேசை துடைக்கக் குளோரின் தூள் கரைச்சாங்க. 30 வீதத் தூள்னா லீற்றருக்கு மூன்றரைக் கிராம் போட்டா 0.1 வீதம் வரும். அன்னன்னைக்குக் கரைக்கணும், வச்சிருந்தா வீரியம் போயிடும். அதைத் தராசுத் தட்டுல ஊத்தினவங்க தட்டுத் துருப்பிடிச்ச பிறகுதான் சோப்புத் தண்ணிக்கு மாறினாங்க. யாரும் வந்து படிச்சுக் குடுக்கல. செஞ்சு செஞ்சு கத்துக்கிட்டாங்க.

இதைத்தான் நீங்க கயிறுன்னு சிரிக்கிறீங்க.

இன்னொன்னு கேளுங்க. தொற்று இருக்கிற இடத்தை ஒரு தரம் தொட்டா நோய் வர்ற வாய்ப்பு பொதுவா பத்தாயிரத்துல ஒன்னுக்கும் குறைவுன்னு அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையம் சிடிசி 2021 ஏப்ரல்ல சொல்லிட்டாங்க. மூச்சுதான், காத்துதான் பெரிய வழி. அப்படிப் பார்த்தா கதவைச் சாத்தின மண்டபத்துக்குள்ள தட்டி அடிச்சு நின்னது நல்லதா, ஹட்டன் காத்துல ரோட்டோரம் நின்னது நல்லதா? நீங்களே சொல்லுங்க. நாணயத்தைச் சோப்புத் தண்ணியில முக்கினது வீண் வேலைதான், சரி. அங்க நிமிசத்துக்கு ஒருக்கா திரையைத் துடைச்சதும் அதே கணக்குலதான் வரும்.

இப்போ கமெண்ட்ல வரப்போறதும் தெரியும்.

"மெஷின்னா கேஷியர் முகத்துக்கு நேர நிக்க வேண்டியதில்லையே?" சரிதான். அது நியாயமான பேச்சு. கேஷியருக்கு அது உதவிதான். விடுங்க.

"நீ முன்னேற்றத்துக்கு எதிரி, நம்ம ஆட்கள் எப்பவும் கயிறு கட்டிக்கிட்டே இருக்கணும்ங்கறியா?" இதைச் சொல்றவருக்குத்தான் நீளமாப் பதில் சொல்லணும். மெஷின் வரட்டும் ஐயா. நுவரெலியாவுக்கு வரட்டும், பண்டாரவளைக்கு வரட்டும், வந்தா நம்ம பிள்ளைகள்தான் அதையும் பழுது பார்க்கப் போறாங்க. ஆனா வரும்போது பக்கத்துல நிக்கிற ஆளையும் சேர்த்துக் கொண்டு வாங்க. மெஷினை மட்டும் நட்டுட்டு ஆளை எடுத்துட்டா, சிவப்பு லைட் எரிஞ்சதும் கொழுந்து பறிச்சுட்டு வந்த அம்மா என்ன பண்ணும்? தமிழ்ல ஒரு வரி இருக்குமா திரையில? பொலிஸ் நிலையத்துலயே தமிழ்ல எழுதிக் குடுக்க ஆள் தேடுற ஊர் இது. அந்த அம்மா முழிச்சு நிக்கிறதை ஒருத்தன் வீடியோ எடுத்துப் போடுவான், அதுக்கும் இதே ஆட்கள் சிரிப்பாங்க. நான் மெஷினுக்கு எதிரி இல்ல. சிரிக்கிறவங்களுக்கு எதிரி. சரி, எதிரிங்கறது பெரிய வார்த்தை. கோவம்.

கோவத்துக்குக் காரணமும் இருக்கு. நாடே வீட்டுக்குள்ள இருந்தப்போ தேயிலைத் தோட்டத்துக்கு ஊரடங்கு இல்ல. காலையில பேர் பதிஞ்சு வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்துக்கு வரச் சொன்னாங்க. அன்னைக்கு அடிப்படை நாட்சம்பளம் 700 ரூவா. கொழும்புக்குப் பக்கத்துல பேலியகொடை மீன்சந்தையில இருந்து பரவின தொற்று ஹட்டன் வரைக்கும் வந்தப்போ, கொழும்புல கடைகள்ல வேலை பார்த்துட்டு ஊருக்கு வந்த நம்ம பிள்ளைகளைத்தான் நோயைக் கொண்டு வந்தவங்கன்னு பார்த்தாங்க. தீபாவளிக்கு வந்த பிள்ளையை லயத்துக்குள்ள விடாம நிப்பாட்டினதும் நம்ம சனம்தான், அதையும் மறைக்கல. கொழும்பு சுப்பர் மார்க்கெட் கவுண்டர்ல மாஸ்க்கோட நாள் முழுக்க நின்ன பிள்ளைகள் அவங்க. இங்க வந்தா நோய்க்காரங்க, அங்க போனா தோட்டத்து ஆட்கள். இப்போ பழைய போட்டோவைத் தேடி எடுத்து அவங்க அப்பா அம்மாவையும் சிரிப்பாக்கியாச்சு.

இன்னொன்னு அந்த மெஷினால செய்யவே முடியாது, அதைச் சொல்லிட்டு விடறேன். கடன். கயித்துக்கு அந்தப் பக்கம் மேசையில பேசின் மட்டும் இல்ல, ஒரு கொப்பியும் இருந்துச்சு. அந்த மாசங்கள்ல வேலைநாள் குறைஞ்ச வீடு, கொழும்புல இருந்து பணம் வராம நின்ன வீடு, எல்லாம் அந்தக் கொப்பியிலதான் அரிசி வாங்கிச்சு. பத்தாந் திகதி சம்பளத்துல முடிஞ்சதைக் கட்டுறது, மிச்சத்தை அடுத்த பக்கத்துக்குக் கொண்டு போறது. கார்ட் மட்டும்னு எழுதி ஒட்டியிருந்தா அந்த வீடுகள்ல அடுப்பு எரிஞ்சிருக்காது. கடைக்காரர் புண்ணியவான்னு சொல்லல, விலையில ரெண்டு ரூவா வச்சுத்தான் குடுத்திருப்பார், பொலித்தீன் பைக்கும் காசு எடுத்திருப்பார். ஆனா குடுத்தார். மொத்த வியாபாரி அவருக்குக் கடன் தரமாட்டேன்னு கையை விரிச்ச நேரத்துலயும் குடுத்தார். அதுல வசூலாகாத பக்கங்கள் இன்னும் கிடக்கு. அண்ணே, நீங்க வருசா வருசம் கொப்பி அனுப்புறீங்க இல்ல, இந்த வருசம் ஊருக்கு வரும்போது அந்தக் கடைக் கொப்பியையும் ஒருக்கா புரட்டிப் பாருங்க. எந்தக் கடைன்னு உங்களுக்குத் தெரியும், போட்டோ போட்டவரே நீங்கதானே.