கத்ரி பாடாத வரியா அது?

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியின் ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’ (இந்த மண் உன் மண்) வெறும் தேசபக்திப் பாட்டுதான், தனியார் சொத்தைச் சாடும் வரிகளை அவர் பாடவே இல்லை, பிற்காலத்தில் சக பாடகர் பீட் சீகர் நுழைத்துவிட்டார் என்று.

தவறு. 1940 பிப்ரவரி 23 அன்று நியூயார்க்கில் கத்ரி தன் கைப்பட எழுதிய தாள் இருக்கிறது. வழிமறிக்கும் உயரமான சுவர், அதில் ‘தனியார் சொத்து’ என்ற பலகை, பலகையின் பின்பக்கமோ வெற்று: எல்லாம் அதிலேயே உண்டு. ‘காட் பிளெஸ் அமெரிக்கா’ (கடவுள் அமெரிக்காவை ஆசீர்வதிக்கட்டும்) என்ற தேசபக்திப் பாட்டைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் எழுதியது. பல்லவியின் கடைசி அடியில் முதலில் அந்தப் பாட்டையே சீண்டியிருந்தார். பிறகு அடித்துத் திருத்தினார்.

1944-இல் இசைத்தட்டு வெளியீட்டாளர் மோசஸ் ஆஷிடம் பதிவு செய்தபோது சுவர்ச் சரணத்தையும் பாடினார். ஆனால் அந்தப் பதிவு பெட்டிக்குள்ளேயே கிடந்தது. வெளியே பரவியதும் பள்ளிப் பிள்ளைகள் பாடியதும் அந்தச் சரணம் இல்லாத வடிவம்தான். வதந்திக்கு வேர் இதுதான் என்று நினைக்கிறேன். 1997-இல்தான் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் அந்தப் பதிவை ஆஷ் பதிவுகளின் தொகுப்பில் வெளியிட்டது. குரல் சந்தேகமில்லாமல் கத்ரியுடையது.

சீகர் விட்டுப்போன வரிகளை மேடைகளில் பாடிப் பரப்பினார், அவ்வளவே. 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்பை ஒட்டி, லிங்கன் நினைவகத்தின் முன் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுடன் அவற்றைப் பாடியபோது சீகருக்கு வயது 89.