தீபாவளிக்கு ஸ்டாஃபுக்கு என்ன கொடுக்கலாம்னு கடைசி வாரத்துலயா கேப்பீங்க?

வருஷா வருஷம் இதே கூத்துதான். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் முதலாளிக்கு ஞாபகம் வருது. அட்மின்ல இருக்குற ஒருத்தரைக் கூப்பிட்டு, "25 பேரு, தலைக்கு 2,000, ஏதாவது பாத்து வாங்கிடுப்பா"ன்னு சொல்லிட்டுப் போயிடுறாரு. அவரு கிஃப்ட் சப்ளையருக்குப் போன் போடுறாரு, வாட்ஸ்அப்ல பெரிய கேட்டலாக் வருது. அதுல நாலு நாள்ல டெலிவரி ஆகக்கூடியது எதுன்னு கேட்டா நாலஞ்சு ஐட்டம்தான் தேறும். லோகோ அடிச்ச ஃபிளாஸ்க், லோகோ அடிச்ச டைரி, பவர் பேங்க், வெல்வெட் பெட்டியில டிரை ஃப்ரூட்ஸ். மத்த கம்பெனிங்க வேண்டாம்னு ஒதுக்கினது உங்க ஆளுங்க கைக்கு வருது. 50,000 ரூபாய் செலவு பண்ணிட்டு, "எவ்வளவு செஞ்சாலும் இவங்களுக்குத் திருப்தி இல்ல"ன்னு அவங்க மேலயே குறை வேற சொல்றீங்க. எரிச்சலா இருக்காதா?

அந்த டிரை ஃப்ரூட் பெட்டியை ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க. மேல தங்கக் கலர் மூடி, உள்ள சாட்டின் துணி. துணிக்கு அடியில பெட்டி ஆழமாத் தெரியணும்னு தெர்மாகோல். அதுல நாலு குழி, ஒவ்வொண்ணுலயும் முந்திரி, பாதாம், திராட்சை, பிஸ்தா 50 கிராம். மொத்தம் 200 கிராம், அதுலயும் திராட்சைக்கு ஒரு பங்கு. அதே காசுக்கு மளிகைக் கடையில முழு முந்திரியாவே அதைவிடக் கூட வாங்கலாம். நீங்க காசு கொடுத்தது பெட்டிக்கு. வீட்டுக்குப் போனதும் சரக்கை டப்பாவுல கொட்டிட்டுப் பெட்டியை எங்க வைக்கிறதுன்னு தெரியாம பரண்ல போடுவாங்க.

ஃபிளாஸ்க் கதை இன்னும் மோசம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு மட்டும் எழுதியிருந்தா நம்பாதீங்க. உள்பக்கம் 304 கிரேடா, இல்ல 201-ஆன்னு கேளுங்க. 201-ல நிக்கல் குறைவு, ரசமோ லெமன் ஜூஸோ ஊத்தி வச்சா கொஞ்ச நாள்ல புள்ளி புள்ளியாத் துரு பிடிக்கும். விலை இறங்கணும்னா சப்ளையர் கை வைக்கிற முதல் இடம் இதுதான். சாம்பிள் ஒண்ணு வாங்கிக் கொதிக்கிற தண்ணி ஊத்தி மூடி வைங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு வெளிப்பக்கம் தொட்டாச் சூடா இருந்தா வேக்குவம் சரியில்லைன்னு அர்த்தம், தள்ளிடுங்க. கடைசி வாரத்துல ஆர்டர் போடுறவங்களுக்கு சாம்பிள் பாக்க ஏது நேரம்?

டி-ஷர்ட்டும் அப்படித்தான். "எல்லாருக்கும் எல் சைஸ் போட்டுக்கலாம்"னு 25 பேருக்கும் ஒரே அளவுல எடுக்குற கம்பெனி இன்னும் இருக்கு. பெண்களுக்குத் தோள் தொங்கும், தடியா இருக்குறவருக்கு வயித்துல இறுக்கும், ஒரு நாள் போட்டோவுக்குப் போட்டுட்டு அப்புறம் வண்டி துடைக்கத்தான் ஆகும். கொடுத்துத்தான் ஆகணும்னா ஒழுங்காக் கொடுங்க. அவங்கவங்களுக்குச் சரியா இருக்குற ஒரு சட்டையைக் கட்டில்ல விரிச்சு, அக்குள்லேர்ந்து அக்குள் வரைக்கும் இஞ்ச் டேப்ல அளந்து, ரெண்டால பெருக்கி எழுதித் தரச் சொல்லுங்க. சப்ளையரோட அளவுப் பட்டியல்ல அதுக்குப் பக்கத்துல இருக்குற சைஸை எடுங்க, ஏன்னா ஒரு கம்பெனி எல் இன்னொரு கம்பெனி எம்மா இருக்கும். காலர் டி-ஷர்ட்டுக்குப் போடுற, குட்டிக் குட்டிக் கட்டமா நெசவு தெரியுற காட்டன் பிக்கே துணி, 220 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் துணியோட கிராம் எடை) குறையாம இருக்கணும். லோகோவை இடது மார்புல 3 இஞ்சுக்குள்ள எம்பிராய்டரி பண்ணுங்க. முதுகு பூரா கம்பெனி பேரும் போன் நம்பரும் அடிச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு எவனும் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகமாட்டான். இதுக்கெல்லாம் மூணு வாரமாவது வேணும்.

இப்ப பணத்துக்கு வருவோம், நிஜமான கோபம் இங்கதான். ஆளுங்ககிட்ட கேட்டா பெரும்பாலும் "பணமாக் கொடுத்துடுங்க"ன்னுதான் சொல்லுவாங்க. உடனே ஆடிட்டர் பேரைச் சொல்லி ஒரு பதில் வரும்: பொருளாக் கொடுத்தா வருஷத்துக்கு 5,000 ரூபாய் வரைக்கும் வரி கிடையாது, பணமாக் கொடுத்தா முதல் ரூபாயிலேர்ந்தே சம்பளத்தோட சேர்ந்துடும்னு. பல வருஷமா இருந்த விதி அதுதான், பொய் இல்ல. ஆனா புது வரி முறையில 2025-26லேர்ந்து 12 லட்சம் வரைக்கும் வருமான வரியே கிடையாது, சம்பளக்காரங்களுக்கு நிலைக் கழிவோட (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) சேத்து 12.75 லட்சம். உங்க 25 பேர்ல எத்தனை பேரு அதுக்கு மேல வாங்குறாங்க? மாசம் 22,000 வாங்குற பொண்ணுக்கு 2,000 ரூபாய் பணமாக் கொடுத்தா எந்த வரி வந்து புடுங்கப் போகுது?

அதே நேரம் பொருள் வாங்குறதுல போற வரியைப் பத்தி யாரும் வாயே திறக்குறதில்ல. பவர் பேங்க், ஃபிளாஸ்க், பேக்பேக் எல்லாத்துக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். பரிசாக் கொடுக்குற பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டின ஜிஎஸ்டியைக் கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில கழிச்சுக்குறது, எடுக்க முடியாது, ஜிஎஸ்டி சட்டத்தோட 17(5) பிரிவு அதைத் தடுக்குது. தலைக்கு 1,000 ரூபாய்ப் பொருள், 25 பேருன்னா 25,000. அதுக்கு மேல 4,500 வரியாப் போயிடும், திரும்ப வராது. அந்த 4,500ஐ ஆளுக்கு 180 ரூபாயாப் பிரிச்சுக் கொடுத்திருந்தாக்கூட வீட்டுக்கு ஒரு கால் கிலோ மிக்சராவது போயிருக்கும்.

இதைவிட அநியாயம், சட்டப்படி தர வேண்டிய போனஸையே "தீபாவளி கிஃப்ட்"னு கவர்ல போட்டுக் கொடுத்துப் போட்டோ எடுக்குறது. 20 பேரும் அதுக்கு மேலயும் வேலை பாக்குற நிறுவனத்துல, சம்பள வரம்புக்குள்ள வர்றவங்க வருஷத்துல 30 நாள் வேலை செஞ்சிருந்தாலே போனஸுக்கு உரிமை உண்டு. குறைஞ்சது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். கணக்கு வருஷம் முடிஞ்ச 8 மாசத்துக்குள்ள, அதாவது மார்ச்ல கணக்கு முடிக்கிறவங்க நவம்பர் 30க்குள்ள கொடுத்தாகணும். அது அவங்க சம்பாதிச்ச காசு, பரிசுக் கணக்குல சேராது. அதுவும் தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கவுண்ட்ல போட்டு என்ன பிரயோஜனம்? துணி எடுக்குறது, ஊருக்கு டிக்கெட், பிள்ளைங்களுக்குப் பட்டாசு எல்லாம் அதுக்கு முன்னாடியே கடன் வாங்கி முடிச்சிருப்பாங்க. ரெண்டு வாரம் முன்னாடி போடுங்க.

ஒரு காசு செலவில்லாத பரிசு ஒண்ணு இருக்கு, அதைத்தான் யாரும் கொடுக்குறதில்ல: லீவு எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும்னு முன்கூட்டியே சொல்றது. 2024 நவம்பர் 1லேர்ந்து ரயில்ல முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயித்துக்கிழமை. நவம்பர் 6 வெள்ளி ராத்திரி கிளம்புற வண்டிக்கு செப்டம்பர் 7 காலையில 8 மணிக்கு முன்பதிவு. நெல்லை, பாண்டியன், பொதிகை எல்லாம் சில நிமிஷத்துல வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போயிடும். அப்போ லீவை எப்ப சொல்லணும்? ஆகஸ்ட் கடைசியில. நீங்க அக்டோபர் முடியும்போது "திங்கக்கிழமை லீவா இல்லையான்னு பாத்துச் சொல்றேன்"னு இழுத்தா, அந்த ஆள் ஆம்னி பஸ்ல ரெண்டு மூணு மடங்கு கொடுத்துப் போறான். நீங்க கொடுத்த 2,000 அந்த டிக்கெட்லயே கரைஞ்சிடுது.

வடக்கேயிருந்து வந்து வேலை பாக்குற பசங்களை நினைச்சாவது பாக்குறீங்களா? பீகார்க்காரங்களுக்கு தீபாவளியைவிட, அதுக்கு ஆறேழு நாள் கழிச்சு வர்ற சட் பூஜைதான் பெரிசு. போகவே ரெண்டு நாள் ஆகும். அவங்களுக்கு தீபாவளிக்கு ரெண்டு நாள் லீவு கொடுத்துட்டு, அடுத்த வாரம் "திரும்பத் திரும்ப லீவு கேக்குறான்"னு திட்டாதீங்க. முதல்லயே கேட்டு, ரெண்டையும் சேத்து ஒரே லீவாக் கொடுங்க.

அப்புறம் பட்டாசு. கிஃப்ட் பாக்ஸா 25 பெட்டி வாங்கி ஆபீஸ் ஸ்டோர் ரூம்ல, யுபிஎஸ் பேட்டரிக்குப் பக்கத்துல அடுக்குறாங்க. நினைச்சாலே வயித்தைக் கலக்குது. அந்தப் பெட்டியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையில கொடுத்து எழும்பூருக்கு அனுப்புறீங்களே, ரயில்ல பட்டாசு கொண்டு போறது குற்றம்னு தெரியாதா? ரயில்வே சட்டம் 164-வது பிரிவுப்படி மூணு வருஷம் வரைக்கும் சிறைத் தண்டனை இருக்கு. ஸ்டேஷன் வாசல்ல பையைப் பிரிச்சுப் பிடுங்கினா உங்க பரிசும் போச்சு, அவங்க மானமும் போச்சு. பட்டாசுக்குக் கொடுக்க நினைச்ச காசைக் கையில கொடுங்க, ஊர்ல வாங்கிப்பாங்க.

ஸ்வீட் கண்டிப்பாக் கொடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா பாத்து வாங்குங்க. கலாகண்ட், ரசகுல்லா மாதிரிப் பால் ஸ்வீட்டு ரெண்டு நாள் தாங்குறதே பெரிசு. ராத்திரி முழுக்க பஸ்ல மடியில வச்சுக்கிட்டுப் போய், காலையில வீட்ல பிரிக்கும்போது புளிச்ச வாடை அடிச்சாலும் அடிக்கும். நெய் மைசூர்பாக், லட்டு, பாதுஷா, அதிரசம் எடுங்க. சில்லறையா விக்கிற ஸ்வீட்டுக்கும் எந்தத் தேதிக்குள்ள சாப்பிடணும்னு கடையில எழுதி வைக்கணும்னு 2020 அக்டோபர் 1லேர்ந்தே உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயோட உத்தரவு இருக்கு, கேட்டு வாங்குங்க. எடை போடும்போது முதல்ல காலி அட்டைப் பெட்டியைத் தராசுல வச்சுப் பாருங்க. பெட்டியோட சேத்து எடை போட்டா, 25 பெட்டியில நீங்க மைசூர்பாக் விலைக்கு அட்டையைத்தான் கிலோக் கணக்குல வாங்கியிருப்பீங்க. ஆளுக்கு அரை கிலோ ஸ்வீட்டு, கால் கிலோ காரம் போதும். சுகர் இருக்குறவங்க வீட்டுக்கு முழுக்கக் காரமாக் கேட்டா மூஞ்சியைச் சுளிக்காமக் கொடுங்க. ஆர்டர் ரெண்டு மூணு வாரம் முன்னாடி, சரக்கு எடுக்குறது கடைசி வேலை நாள் காலையில.

பார்ட்டி விஷயத்துல இன்னொரு கொடுமை. ஞாயித்துக்கிழமை ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போய், அவங்களோட ஒரே ஒரு லீவு நாளைச் சாப்பிட்டுட்டு, அதைக் கொண்டாட்டம்னு சொல்றது. இல்லாட்டி வேலை முடிஞ்சு ஆறு மணிக்கு மேல ஆரம்பிச்சு ஒன்பதரை வரைக்கும் நிறுத்தி வைக்கிறது. ஷேர் ஆட்டோ பிடிச்சு, ரெண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போற பெண்கள் எப்படிச் சிரிச்சுக்கிட்டு உக்காருவாங்க? கூச்ச சுபாவக்காரனை நடுவுல இழுத்து ஆடச் சொல்றதையும், கோலம் போடுறதுன்னா பெண்கள் தலையிலயே கட்டுறதையும், பார்ட்டிக்குன்னு ஆளுக்கு 500 வசூல் பண்றதையும் விட்டுத் தொலைங்க. வேலை நாள்ல, வேலை நேரத்துல, பன்னிரண்டரைக்கு நல்ல சாப்பாடு போட்டு, மூணரைக்கு வீட்டுக்கு அனுப்புங்க. அதை மிஞ்சின பார்ட்டி ஐடியா எதுவும் கிடையாது.

சாப்பாட்டுல ஏமாறுற இடம் ஒண்ணு. பிரியாணி "கிலோ"ன்னு சொன்னா, அரிசி ஒரு கிலோவா, வெந்த பிரியாணி ஒரு கிலோவான்னு முதல்ல கேளுங்க. ஒரு கிலோ அரிசியும் ஒரு கிலோ கறியும் போட்டா எட்டு பேருக்குத் தாராளம், பத்து பேருக்கு அளவா இருக்கும். வெந்த பிரியாணி ஒரு கிலோன்னா மூணு பேரு சாப்பிட்டா முடிஞ்சுது. 25 பேர்ல ஆறு பேரு சைவம்னா, 19 பேருக்கு ரெண்டரை கிலோ அரிசி. சைவத்துக்குத் தனிக் கரண்டி, தனி மேசை, அவங்களுக்கும் அதே அளவு கவனம். தயிர் சாதமும் அப்பளமும் போட்டு ஒப்பேத்தாதீங்க. ஆயுத பூஜையை ஒட்டி வைக்கிறீங்கன்னா புரட்டாசி முடிஞ்சிருச்சான்னு காலண்டரைப் பாருங்க, பாதி ஆபீஸ் கறி தொடாது. முஸ்லிம் ஊழியர் இருந்தா ஹலால் கறியான்னு கேட்டரிங்காரர்கிட்ட நீங்களே கேட்டு உறுதிப்படுத்துங்க. அவரைக் கேக்க வச்சுடாதீங்க. பதினோரு மணிக்கு அண்டா வந்து இறங்கி, முதலாளி பேசி முடிக்க ரெண்டு மணி ஆனா, பச்சடி புளிச்சு, பிரியாணி அடியில நசநசன்னு ஆகி, யாராவது ஒருத்தருக்கு வயித்தால போகும். பேச்சு பத்து நிமிஷம், சாப்பாட்டுக்கு முன்னாடி. அவ்வளவுதான்.

கடைசியா அந்த 25. அது சம்பளப் பட்டியல்ல இருக்குற கணக்கு. தினமும் கழிவறை கழுவுற ஹவுஸ்கீப்பிங் அக்காங்க ரெண்டு பேரு, பகல் செக்யூரிட்டி ஒருத்தரு, ராத்திரி செக்யூரிட்டி ஒருத்தரு, டிரைவர், டீ கொண்டு வர்ற தம்பி. "அவங்க கான்ட்ராக்ட், அவங்க ஏஜென்சி பாத்துக்கும்"னு சொல்லிட்டு, அவங்க கையாலயே 25 பெட்டியையும் வண்டியிலேர்ந்து இறக்க வைக்கிறீங்க. எப்படி மனசு வருது? கணக்கு 31. ஆர்டர் போடும்போதே 31னு போடுங்க, கடைசி வாரம் சேர்ந்த ட்ரெயினிக்கு ரெண்டு பாக்கெட் கூடுதலா வைங்க. ராத்திரி செக்யூரிட்டி அண்ணன் பெட்டி கொடுக்குற நேரத்துல வீட்ல தூங்கிட்டு இருப்பாரு. அவரு பேரெழுதி எடுத்து வச்சு, ராத்திரி அவரு டியூட்டிக்கு வந்ததும் யாராவது ஒருத்தர் இருந்து கையில கொடுத்துட்டுப் போங்க.