சிக்கதேலா பழகுமிடம் அல்ல

மெக்சிகோவின் புவேர்த்தோ எஸ்கொந்தீதோவில் நான்கு நாள் விடுமுறைக்குத் திட்டம் போட்டுத் தரும் ஒரு பயணக் கட்டுரை, அலைச்சறுக்கு பழகச் சிக்கதேலா கடற்கரைக்குப் போகச் சொல்வது ஆபத்தான யோசனை. அங்கே அலை கரைக்கு மிக அருகில் குழாய் போலச் சுருண்டு, ஆழமில்லாத மணல் திட்டின் மேல் அறைகிறது. ‘மெக்சிகன் பைப்லைன்’ என்ற பெயர் சும்மா வரவில்லை. கோடையில் கைதேர்ந்தவர்களே யோசித்துத்தான் இறங்குவார்கள். கற்றுக்குட்டிகளுக்குக் காரிசாலியோ விரிகுடாதான் இடம். அங்கும் படிக்கட்டு நூற்றைம்பதைத் தாண்டும். பலகையைச் சுமந்துகொண்டு திரும்ப ஏறும்போது முழங்கால் கெஞ்சும், அது வேறு கதை.

மாநிலத் தலைநகரான வஹாக்காவிலிருந்து சாலை வழியாக ஏழு மணி நேரம் என்று அந்தக் கட்டுரை சொல்வதும் பழைய கணக்கு. 2024 பிப்ரவரியில் புதிய நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பிறகு காரில் சுமார் மூன்று மணி நேரம்தான். இரண்டு ஊரையும் தாராளமாக ஒரே பயணத்தில் சேர்க்கலாம். புவேர்த்தோ எஸ்கொந்தீதோவுக்கு அருகிலுள்ள மனியால்தெபெக் காயலில் இரவுப் படகு ஏறுவதானால் அமாவாசையை ஒட்டிப் போங்கள். கையால் நீரை அளைந்தால் ஒளிரும் நுண்ணுயிர்களால் நீல ஒளி சிதறும், பௌர்ணமியில் ஒன்றும் தெரியாது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர்கள் சுற்றுலாவுக்குத் தனியாக மெக்சிகோ விசா எடுக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்திருக்கலாம்.